கண்ணாடி எதற்கு?



சென்ற பௌர்ணமியன்று திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்த பின்னர், நம் சங்கத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நாங்கள் சிறு வயதில் தப்புச் செய்தால் 'சாமி கண்ணைக் குத்தும்' என்று எங்கள் ஆயா சொல்லுவார். நாங்களும் பயந்து அடங்கியிருந்தோம். பிறகு தம்மத்துக்கு வந்தோம். கண்ணைக் குத்துகிற சாமியை வீட்டை விட்டு அனுப்பிவிட்டோம். இப்போது என் மகனுக்கு வயது 16. ராத்திரி பத்து மணிக்குமேல் சிநேகிதனுடைய மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு போகிறான். 'போகாதே' என்றால் 'ஏன்?' என்கிறான். எதைச் சொல்லி அவனை நிறுத்துவது?"

இதைக் கேட்டுச் சபையில் சிலர் நகைத்தனர். ஆயினும் இது நகைத்தற்குரிய வினாவன்று. 1898ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் கோலார் தங்கவயலிலும் நம் பெங்களூரிலும் தழைத்தன. அன்று தொட்டுத் தம்மத்தைத் தழுவிய தமிழ்க் குடும்பங்கள் இவ்வினாவை ஏதேனும் ஒரு நாள் எதிர்கொண்டிருக்கவே வேண்டும். தண்டிக்கும் தெய்வம் இல்லையெனில், தவறப்போகும் பிள்ளையைத் தடுப்பது யாது? அயலாரும் நம்மை நோக்கி இதனையே கேட்கின்றனர்.

அன்று நாம் கர்மத்தைப்பற்றி நான்கு வார்த்தை சொல்லி அமர்ந்தோம். அம்மையார் தலையசைத்தாரேயன்றி, அவர் முகம் தெளியவில்லை. வீடு திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தபோது, நாம் சொன்ன விடை போதாது என்பது நமக்கே விளங்கிற்று. ஆகவே இம்மாதப் பாடத்தை இவ்வொன்றிற்கே ஒதுக்குகின்றோம்.

முதலாவது, பழைய அச்சத்தின் இயல்பைச் சற்று ஆராய்வோம். 'சாமி கண்ணைக் குத்தும்' என்பது ஆறு வயதுப் பிள்ளையை அடக்கும். பதின்மூன்று, பதினான்கு வயதில் அப்பிள்ளை தவறு செய்தவர் பலரைக் காண்கிறது. அவருள் ஒருவர் கண்ணும் குத்தப்படவில்லை என்பதையும் காண்கிறது. அன்றோடு அவ்வச்சம் ஒழிந்துபோம். அச்சத்தின் இடத்தில் வைக்க வேறொன்றும் அதன் கையில் இல்லை. சாமியை விட்ட நம்மில் பலர், சாமியின் இடத்தில் போலீஸ்காரரையும் தகப்பனாரின் பெல்ட்டையும் வைத்திருக்கின்றோம். 'போலீஸ் பிடிக்கும்', 'அப்பா அடிப்பார்' என்பவையும் கண்ணைக் குத்தும் சாமியின் மறுபிறப்புகளே. இவற்றால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே: அகப்படாமல் செய்வது எப்படி என்பது.

பகவான் புத்தருக்கும் ஒரு மகன் இருந்தார் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். இராகுலர் சிறு பிராயத்திலேயே சங்கத்தில் சேர்க்கப்பட்டார். அவர் அம்பலட்டிகை என்னுமிடத்தில் தங்கியிருந்த காலத்தில், இராசகிருகத்து வேணுவனத்திலிருந்த பகவான் ஒரு மாலைப்பொழுது அவரைக் காணச் சென்றார். அப்போது இராகுலருக்கு ஏழு வயது என்று உரை மரபு கூறும். அன்று நிகழ்ந்த உபதேசம் மஜ்ஜிம நிகாயத்தில் 61ஆம் சூத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. அசோகப் பேரரசர் பிக்குகளும் உபாசகர்களும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்கவேண்டுமெனத் தம் விருப்பத்தால் ஏழு பாடங்களைத் தெரிந்தெடுத்துக் கல்லில் வெட்டுவித்தார். இராசபுத்தானத்துப் பைராட்டில் கிடைத்த அக்கல் இன்று கொல்கத்தாவில் இருக்கிறது. பொய்யைக் குறித்து இராகுலருக்குச் சொல்லிய உபதேசமும் அவ்வேழனுள் ஒன்று. இவ்வளவு பெரிய மன்னர் தம் குடிகளுக்குத் தேர்ந்து கொடுத்த பாடம் ஒரு தகப்பன் மகனுக்குச் சொன்னது என்பது நம் மனத்தில் நிற்கவேண்டும்.

இராகுலர் ஆசனமிட்டுக் கால் கழுவ நீர் வைத்தார். பகவான் கால் கழுவியபின் பாத்திரத்தில் சிறிது நீரை மீதம் வைத்து, அதைக் காட்டி, அறிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடத்தில் துறவின் தன்மை இவ்வளவே என்றார். பிறகு அந்நீரைக் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், மீண்டும் நிமிர்த்தி வெறும் பாத்திரத்தைக் காட்டினார். ஒவ்வொரு முறையும் அதே கருத்து. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக எவர் சொல்லக்கூடும்? அதன்பின் ஒரு கேள்வி: கண்ணாடி எதற்குப் பயன்படும்? பார்ப்பதற்கு என்று விடையளித்தார் இராகுலர். அவ்வண்ணமே ஒரு செயலையும் பார்த்துப் பார்த்தே செய்யவேண்டும் என்றார் பகவான்.

அப்பார்வை மூன்று வேளையில் நிகழ்வது. செய்வதற்கு முன், செய்யும்போது, செய்த பின். மெய்யால் செய்வது, வாக்கால் சொல்வது, மனத்தால் எண்ணுவது என்னும் மூன்றுக்கும் இது பொருந்தும். பார்க்கவேண்டிய பொருளும் மூன்றே. இது எனக்குத் தீங்காகுமா, பிறருக்குத் தீங்காகுமா, இருவர்க்கும் தீங்காகுமா? ஆம் எனில் செய்யற்க, தொடங்கியிருந்தால் விடுக, செய்து முடிந்திருந்தால் ஆசிரியரிடமோ அறிவுடைய தோழரிடமோ திறந்து சொல்லி, இனி அடக்கமாயிருக்க. இங்கே கண்ணைக் குத்துவார் எவரும் இல்லை. தகப்பனார் மகனைப் பார்த்து 'நான் பார்த்துக்கொண்டிருப்பேன்' என்று சொல்லவில்லை. 'நீ பார்' என்றார். அம்மையாருக்கு அன்று நாம் சொல்லியிருக்கவேண்டிய விடை இதுவே.

சொல்லிவிட்டால் போதுமா என்றால், போதாது. கண்ணாடியைச் சுவரில் மாட்டுவது வேறு. அதைப் பார்க்கப் பழக்குவது வேறு. மூன்று வேளைகளையும் தனித்தனியே எடுத்துக்கொள்வோம்.

முன்பார்வை. நம் பிள்ளைகள் ஆபத்தை அறியாதவர் என்று நாம் எண்ணுகின்றோம். அது பிழை. முன்சக்கரத்தைத் தூக்கி ஒற்றைச் சக்கரத்தில் வண்டியோட்டும் வித்தையை அவர்கள் 'வீலிங்' என்கின்றனர். அதனால் மண்டை உடையும் என்பதை நம்மைவிட அவர்களே நன்கு அறிவர். அவ்வாறு விழுந்தவர்களின் படங்களை நாள்தோறும் கைப்பேசியில் பார்க்கின்றனர். அறிந்தும் செய்வதேன்? 2005ஆம் ஆண்டில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24க்கு மேற்பட்டோர் என மூவகையினரைக் கணிப்பொறித் திரையில் கார் ஓட்டச் செய்தனர். மஞ்சள் விளக்கு எரியும். எந்நொடியிலும் தடை எழலாம். நிறுத்துவதா, இன்னும் சிறிது ஓட்டுவதா என்பது ஆட்டம். தோழர்கள் பக்கத்திலிருந்து பார்த்தபோது இளையோர் துணிந்த ஆபத்து வெகுவாய் ஏறிற்று. வயது முதிர்ந்தோரிடத்தில் அம்மாறுதல் காணப்படவில்லை. விளைவை எண்ணி ஆசையை அடக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்றும் இக்காலத்து அறிஞர் கூறுவர்.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது? நான்கு தோழர்கள் சூழ்ந்து நிற்க, சாவி கைக்கு வந்துவிட்ட அந்நொடியில் கண்ணாடியைத் தேடச் சொல்வது வீண். அங்கே அது அகப்படாது. அமைதியான நேரத்தில், வீட்டில், சோறுண்ட பின்னர், முன்கூட்டியே பார்த்து வைக்கவேண்டும். 'நாளை உன் சிநேகிதன் சாவியைக் கொடுத்து ஓட்டு என்றால், நீ என்ன வார்த்தை சொல்லுவாய்?' என்று கேளுங்கள். 'ஓட்டமாட்டேன் என்பேன்' என்று பிள்ளை சொல்லும். அதோடு விடற்க. 'அவன் சிரித்தால்? பயந்தாங்கொள்ளி என்றால்?' என்று மேலும் கேளுங்கள். சொல்லும் வார்த்தையை வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கவேண்டும். நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பையன்கள் இவ்வாறு பழகியபோது ஒருவன் கண்டுபிடித்த விடை நமக்கு மிகவும் பிடித்தது: "எங்க அப்பா வண்டி மீட்டரைப் பாத்துடுவாருடா." அவன் தகப்பனாரிடம் வண்டியே இல்லை! பொய் ஆகாதே என்று நாம் திருத்தினோம். அதன்பின் வகுப்பே கூடி வேறொரு விடையை அமைத்தது. 'எனக்கு லைசென்ஸ் இல்லை. மாட்டினால் அப்பா ஜெயிலுக்குப் போவார்' என்பது அது. இது மெய்.

மெய் என்றது எவ்வாறெனில், 2019 செப்டம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, 18 நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டிக்கு உரியவரோ குற்றவாளியாகக் கொள்ளப்படுவர். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும்; ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது நிரம்பும்வரை லைசென்ஸ் கிடைக்காது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முயன்றோம் என்றோ மெய்ப்பிப்பது பெற்றோர் பொறுப்பு. மகனுக்குச் சாவி கொடுத்துப் பெருமிதத்துடன் வாசலில் நின்று பார்க்கும் தகப்பனார்கள் நம் சங்கத்திலும் உளர். அவர்களுக்கும் ஒரு கண்ணாடி வேண்டும்.

இங்கே போலீசைச் சொல்லி அச்சுறுத்துகின்றீரே என்று கேட்பீராயின், அச்சுறுத்தவில்லை. தன்னுடைய செயல் தன்னோடு முடிவதில்லை என்பதற்குச் சட்டம் ஒரு சான்று, அவ்வளவே. 'எனக்குத் தீங்கு' என்பதற்குப் பதினாறு வயது அஞ்சாது. 'பிறருக்குத் தீங்கு' என்பதைக் காட்டினால் அது திகைத்து நிற்கும். ஆகையால் வகுப்பில் ஒரு முறை வைத்திருக்கின்றோம். ஒரு செயலைச் சொல்லி, அது பிழைத்தால் துன்பப்படக்கூடிய மூவரின் பெயரைப் பிள்ளையே சொல்லவேண்டும். முதற்பெயராகத் தன்னையே சொல்லுவான். இரண்டாவது, அம்மா. மூன்றாவது பெயருக்குத்தான் தயங்குவான். ஒரு பையன் நெடுநேரம் இருந்து, "ரோட்டிலிருந்து என்னைத் தூக்குகிறவர்" என்றான். அவருக்குப் பெயர் தெரியாது, ஐயா, என்றான். அன்றைய பாடத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

மது முதலியவற்றுக்கும் இதே வழிதான். குளித்த ஈர உடையோடு ஆறு திசைகளையும் வணங்கி நின்ற சிகாலன் என்னும் இல்லறத்து இளைஞனுக்குப் பகவான் குடியின் ஆறு கேடுகளை எடுத்துரைத்தார். பொருள் உடனே அழியும், சண்டை பெருகும், நோய் பிடிக்கும், பெயர் கெடும், மானம் போகும், அறிவு மங்கும். இவ்வாறனுள் ஒன்றேனும் செத்த பின்னர் வருவதன்று. அடுத்த தெருவில் சென்று கண்ணாற் காணலாம். நரகத்தைப்பற்றிய பேச்சு பிற சூத்திரங்களில் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஓர் இளைஞனிடம் பேசத் தொடங்கியபோது பகவான் எதிலிருந்து தொடங்கினார் என்பதையே சுட்டுகின்றோம். அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் ஏற்பித்த 22 உறுதிமொழிகளிலும் மது அருந்தேன் என்பது உண்டு. ஆனால் உறுதிமொழி எடுத்தவர்கள் பெற்றோரும் பாட்டன்மாருமே, பிள்ளை எடுக்கவில்லை. குடும்பச் சொத்தைப்போல அது தானே இறங்கிவரும் என்று இருந்துவிடலாகாது.

இனி, செய்யும்போது பார்த்தல். இதைப்பற்றி எவரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. தொடங்கிவிட்டால் முடித்தே தீரவேண்டும், நடுவில் விடுபவன் கோழை என்பது அவ்வயதின் சட்டம். ஆலையில் நெசவுத் தறியைப் பார்த்தவர்கள் அறிவர்: பாவில் ஒவ்வொரு நூலின்மீதும் ஒரு மெல்லிய தகடு தொங்கிக்கொண்டிருக்கும். நூல் ஒன்று அறுந்தால் அத்தகடு கீழே விழும். விழுந்ததும் தறி தானே நின்றுவிடும். ஆயிரக்கணக்கான நூலில் ஒன்றுதானே என்று ஓடவிட்டால், அப்பழுது கெஜக்கணக்கில் நீண்டுவிடும். நின்ற தறியைக் கண்டு நெசவாளியைக் கோழை என்பார் உண்டோ? மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்தபின், ஓட்டுகிறவன் குடித்திருக்கிறான் என்று தெரிந்தால், அடுத்த சிக்னலில் இறங்கிவிடலாம். இறங்கி நடந்துவர அனுமதி உண்டு என்று பெற்றோர் முன்னரே சொல்லியிருக்கவேண்டும். அவ்வனுமதி இல்லாமையால், 'வண்டியில் வந்ததாகச் சொல்லி ஏசுவார்களே' என்று அஞ்சி இறங்காமலிருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

கூட்டத்தின் சினத்தில் கண்ணாடி மறைவது பெரியோருக்கும் உண்டு. 2024 ஆகஸ்ட் மாதத்தில், பெங்களூரையடுத்த தும்கூர் நெடுஞ்சாலை மேம்பாலத்தில் வீலிங் செய்த இளைஞர்கள்மீது ஆத்திரங்கொண்ட பொதுமக்கள், அவர்களுடைய இரண்டு ஸ்கூட்டர்களைத் தூக்கி மேம்பாலத்தின்மேலிருந்து கீழே எறிந்தனர். அக்காட்சியைக் கைப்பேசியில் கண்டவர் பலர் கைதட்டினர். கீழே எவரேனும் சென்றுகொண்டிருந்தால் என்னாவது என்பதை எறிந்தவர் எண்ணினாரா? இளைஞரைத் திருத்தப் புறப்பட்டவர்களே இளைஞரினும் பெரிய ஆபத்தை விளைத்தனர். அன்றைய வகுப்பில் பையன்கள் இதனை நமக்கு எடுத்துக்காட்டினர்; நாம் மறுக்கக்கூடவில்லை.

வாக்கைப்பற்றி ஒரு சொல். கைப்பேசியில் தட்டும் எழுத்தும் அனுப்பும் படமும் வாக்கேயாம். வாயிலிருந்து போன வார்த்தை காற்றோடு போகும், இது போகாது. 18 வயதுக்குட்பட்டவரின் மானத்துக்குக் கேடான படத்தைப் பரப்புதல், பரப்புகிறவனும் சிறுவனேயாயினும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படியும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படியும் குற்றம். படத்தை அனுப்பிவிட்டு மிரட்டலுக்கு ஆளான பெண்பிள்ளை முதலில் செய்வது ஒளிப்பது. ஒளிக்க ஒளிக்க மிரட்டுகிறவன் கை ஓங்கும். அவளுக்கு முதல் தேவை ஏசாமல் கேட்கும் ஒரு காது. வீட்டில் அத்தகைய காது இல்லையெனில் 1098 என்னும் சிறுவர் உதவி எண்ணையேனும் அவள் அறிந்திருக்கவேண்டும். இதனைப் பெண்களுக்குரிய பாடத்தில் மட்டும் வைக்காமல் பையன்களின் பாடத்திலும் வைக்குமாறு வகுப்பு நடத்தும் சகோதரிகளைக் கேட்டுக்கொள்கின்றோம்.

மூன்றாவது வேளைக்கு வருகின்றோம். செய்த பின் பார்த்தல். இதில்தான் நம் குடும்பங்கள் பெரும்பாலும் தோற்கின்றன. எழுதுகின்ற நாமும் தோற்றோம். அதை மறைத்துப் பாடம் எழுதுவது கவிழ்த்த பாத்திரத்தைக் காட்டி நீர் நிறைந்திருக்கிறது என்பதை ஒக்கும்.

ஏறக்குறைய 35 ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு பஞ்சாலையில் கார்டிங் பிரிவில் வேலைசெய்தோம். பஞ்சைச் சீவி இழைகளை ஒரு திசையாக நீவுவது கார்டிங் இயந்திரம். அதன் நடுவில் சுமார் 50 அங்குல விட்டமுள்ள பெரிய இரும்பு உருளை. அதன் உடல் முழுவதும் ஊசிபோன்ற கம்பிப் பற்கள். அக்காலத்து இயந்திரங்களில் அது நிமிடத்துக்கு 150 சுற்றுக்கு மேல் சுழலும். சுவிட்சை அணைத்தால் உடனே நிற்பதன்று. தன் கனத்தினாலேயே மேலும் சில நிமிடம் சுழன்றுகொண்டிருக்கும். ஓசை தணிந்துவிடும்; பற்களும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியா. முற்றிலும் நின்ற பின்னரே மூடியைத் திறக்கவேண்டும் என்பது பிரிவில் எல்லாரும் அறிந்த விதி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரை ஓடும் பொறியைத் துடைக்கவும் எண்ணெயிடவும் விடலாகாது என்றது. எங்களோடிருந்த பதிலித் தொழிலாளி ஒருவனுக்கு 18 நிரம்பி மூன்று மாதம் ஆகியிருந்தது.

மூன்றாம் ஷிப்டு, மேஸ்திரி அப்பால் போயிருந்தார். உருளை நிற்குமுன் மூடியைத் திறந்து சிக்கிய பஞ்சை எடுத்துவிட்டால் வேலை விரைவில் முடியும். பழகியவர் சிலர் அவ்வாறு செய்வதுண்டு. அவன் தயங்கினான். நாங்கள் மூவர் நின்றுகொண்டிருந்தோம். ஒரு டீக்கும் பன்னுக்கும் பந்தயம் வைத்து, 'கையை வைத்துக் காட்டு பார்ப்போம்' என்று சொன்னவர் நாமே. நமக்கு அப்போது வயது 20. அவனுடைய வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

அதனினும் பெரிய தீங்கு அதற்குப் பின் நிகழ்ந்தது. விசாரணையில் மூவரும் ஒரே வாக்காக, நாங்கள் அருகில் இல்லை, அவனாகவே திறந்தான் என்றோம். பந்தயத்தைப்பற்றி வாய் திறக்கவில்லை. விதியை மீறியவன் அவன் ஒருவனே என்று முடிந்தது. அவனுக்கு அங்கே மீண்டும் வேலை கிடைக்கவில்லை. நாங்கள் கொடியவர்களாதலால் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும், வீட்டில் தகப்பனார் அடிப்பார் என்ற அச்சத்தால் சொன்னோம். கண்ணைக் குத்தும் சாமிக்கு அஞ்சி வளர்ந்தவர்கள் நாங்கள், அகப்படாமலிருக்கவே கற்றிருந்தோம்.

கார்டிங் உருளை நின்றபின்னும் நமக்குள் அது நெடுங்காலம் நிற்கவில்லை. தம்மத்துக்கு வந்து, இராகுலருக்குச் சொல்லிய உபதேசத்தை முதன்முதல் படித்த இரவில் நாம் உறங்கவில்லை. பிறகு நம் ஆசிரியராகிய பிக்குவிடம் அதனைச் சொன்னோம். அவர் நம்மைக் கடியவில்லை, 'அவரிடம் சொன்னீர்களா?' என்று மட்டும் கேட்டார். முகவரி தேடிச் சென்றோம். அவர் எங்களுக்குத் தெரிந்த பழைய இளைஞர் அல்லர், தலை நரைத்திருந்தது. கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியாததா?" என்றார். இடக்கையால் டீ ஊற்றிக் கொடுத்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்க நமக்கும் துணிவில்லை.

அன்றிரவே ஒரு பெரியவரிடம் ஓடி, 'நான்தான் சொன்னேன்' என்று சொல்லத்தக்க ஒரு வாசல் நமக்கு இருந்திருக்குமாயின், அவர் வேலையாவது நின்றிருக்கும். ஆகவே பெற்றோரை நாம் கேட்பது இதுவே: உங்கள் பிள்ளை தவறு செய்து வந்து சொல்லும் முதல் ஐந்து நிமிடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதை முன்கூட்டியே கண்ணாடியில் பாருங்கள். அடித்தால், அது தவறுக்குக் கிடைத்த அடியாகப் பிள்ளை கொள்ளாது. சொன்னதற்குக் கிடைத்த அடியாகவே கொள்ளும். மறுமுறை சொல்லாது. தவற்றுக்குரிய விளைவைப் பிள்ளை ஏற்கத்தான் வேண்டும். உடைந்த வண்டிக்குத் தன் கைச்செலவிலிருந்து மாதாமாதம் கொடுக்கட்டும். காயப்பட்டவர் வீட்டுக்குத் தகப்பனாரோடு போய் நிற்கட்டும். ஆனால் அவையெல்லாம் மறுநாட் காலைக்குரியவை. சொல்லிய இரவில் கேட்பது ஒன்றே வேலை.

வினா எழுப்பிய அம்மையாரின் வீட்டுக்கு நாம் சென்று, அவர் கணவரோடும் மகனோடும் இதைப் பேசினோம். முடிவில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. எந்த இரவானாலும், எங்கிருந்தானாலும், மகன் போன் செய்தால் தகப்பனார் வந்து அழைத்துக்கொண்டு போவார். அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். மறுநாள் காலை டீ குடித்தபின் கேட்பார். அப்போது மகன் ஒளிக்காமல் சொல்லவேண்டும். தகப்பனார் ஆட்டோ ஓட்டுபவர், சற்று முன்கோபி. 'கேட்காமல் எப்படி ஐயா இருக்கமுடியும்?' என்று இருமுறை கேட்டார். 'முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்' என்றோம். சிறிது நேரம் கழித்து இருக்கிறேன் என்றார்.

பன்னிரண்டு நாட்களுக்குப் பின் ஓரிரவு, பதினொன்றே முக்காலுக்கு, ஹெப்பாள் மேம்பாலத்தின் அடியிலிருந்து போன் வந்ததாம். தோழர்கள் பல்லாரி சாலையில் மேலே போய்விட்டனர். இவன் மட்டும் இறங்கிவிட்டான். தகப்பனார் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். அல்சூர் வந்து சேரும்வரை இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று அம்மையார் சொன்னார். காலையில் டீ ஆறிப்போகும்வரை பேசினார்களாம்.